கோரைத்தீவில் நோவில்லாதவர்கள்

பஞ்சவர்ணம் இறந்து மூன்று வருடம் கழித்து, ஓர் ஆவணி மாதத்தில், அவள் தங்கை நம்புச்செல்வியின் கனவில் வரத் தொடங்கினாள்.

முதல் கனவில் அக்காளும் தங்கையும் கடலடியில் நடந்துகொண்டிருந்தார்கள். முகத்தில் கவசம் எதுவும் இல்லை; மூச்சு தானாக வந்துபோனது. தண்ணீர் இளநீரைப் போலத் தெளிந்து, நாக்கில் லேசாக இனித்தது. தலைக்கு மேலே வெகு உயரத்தில் வள்ளங்களின் அடிவயிறுகள் மேகங்களைப் போல நகர்ந்தன. பஞ்சவர்ணம் நாலு எட்டு முன்னால் போய், திரும்பி நின்று, சிரித்து, "வா நம்பு" என்றாள். அவ்வளவுதான். விழித்தபோது விடிந்திருந்தது. தலைக்குக் குளித்து எழுந்தவளைப் போல நம்புச்செல்வியின் உடம்பு லேசாக இருந்தது. அன்று முழுவதும் அவள் யாரோடும் அதிகம் பேசவில்லை. பேசினால் கனவு வாய்வழியே கசிந்துவிடும் என்று தோன்றியது.

வெள்ளரிமுனை, பாம்பனுக்குத் தெற்கே கடலுக்குள் நீட்டிய விரல்போல் கிடக்கும் ஊர். ஆண்கள் மீனுக்குப் போவார்கள், பெண்களுக்குப் பாசி. முன்பு பாறையில் விளைந்ததைப் பறித்தார்கள். இப்போது கடலுக்கடியில் வரிசை வரிசையாகக் கயிறு கட்டி வளர்க்கிறார்கள். கடைக்காரன் தரும் பையும், மருந்துக் குப்பியும், சாப்பாட்டுத் தட்டும் அந்தப் பாசியிலிருந்துதான் வருகின்றன. இறங்கி வேலை செய்வதற்குச் 'செவுள்' இருந்தது. மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளும் கவசம் அது. தண்ணீரிலிருந்தே காற்றைப் பிரித்துக் கொடுக்கும். இரண்டு பெண்களுக்கு ஒரு செவுள். ஒருத்தி கீழே இருக்கும்போது இன்னொருத்தி வள்ளத்திலிருந்து கயிறு பிடிப்பாள். ஒரு மணி நேரம் கழித்து மேலே வந்தவள் செவுளைக் கழற்றி, கடல்தண்ணீரில் ஒரு அலசு அலசி, அடுத்தவளிடம் கொடுப்பாள்.

நம்புச்செல்விக்கு நாற்பத்தொரு வயது. புருஷன் வேறொரு குடும்பம் தேடிக்கொண்டு தொண்டிப் பக்கம் போய்ப் பல வருடமாயிற்று. பிள்ளை இல்லை. அக்காள்தான் எல்லாமுமாக இருந்தாள், அம்மா படுக்கும்வரை. அம்மாவை மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பஞ்சவர்ணம் பிடிவாதமாக நின்றாள். அத்தனை தூரம் வண்டியில் இழுத்தடித்தால் வழியிலேயே உயிர் போய்விடும், வீட்டிலேயே இருக்கட்டும் என்று நம்புச்செல்வி மறித்தாள். மூன்றாம் நாள் அம்மாவின் உயிர் வீட்டிலேயே போயிற்று. கூடியிருந்த சனத்துக்கு நடுவில் பஞ்சவர்ணம், "நீதான்டி கொன்ன" என்று சொல்லிவிட்டாள்.

அதன்பிறகு பதினோரு மாதம் இருவரும் பேசவில்லை. ஒரே கடலில், பக்கத்துப் பக்கத்து வரிசைகளில் பாசி கட்டினார்கள். வள்ளங்கள் உரசினாலும் முகம் திருப்பிக்கொண்டார்கள். இன்றைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று தங்கை நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அக்காள் உட்கார்ந்தாள். பிறகு எழவில்லை.

அந்தப் பஞ்சவர்ணம்தான் இப்போது நாள் தவறாமல் வந்தாள். ஒரு நாள் கடலடியில். ஒரு நாள் உப்பு வெளியில், வெள்ளை வெளேரென்ற வெளிச்சத்துக்குள். ஒரு நாள் மரமேறும் வயதுக் குழந்தையாக. எப்போதும் சிரித்த முகம். பொழுது சாய்வதற்காக நம்புச்செல்வி காத்திருக்கத் தொடங்கினாள். விளக்கு வைத்ததும் சோற்றை உண்டுவிட்டுப் படுத்துவிடுவாள். முகத்தில் ஒரு மினுமினுப்பு வந்திருப்பதாக ஊரில் சொன்னார்கள்.

அதே ஆவணியில்தான் கரையோர ஊர்களில் கிடைக் காய்ச்சலும் பரவியது. அரசாங்கத்தில் அதற்கு எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர் இருந்தது. விழுந்தவர்கள் எழாமல் கிடந்ததால் சனங்கள் வைத்த பெயர் இது. அரை நாள் காய்ச்சல் அடிக்கும். பிறகு தூக்கம். இருபது நாள், முப்பது நாள், குழாய் வழியாக ஊட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பெரும்பாலோர் ஒரு நாள் கண்ணைத் திறந்துவிடுவார்கள். இருபதில் ஒருவர் திறப்பதில்லை.

வெள்ளரிமுனைத் துணை சுகாதார நிலையத்தில் ஜெனிட்டா செவிலியராக இருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்; முப்பது வயது. ஒரு மாலை, பாசி காயப்போடும் மணலில் பெண்களை உட்காரவைத்து அவள் பேசினாள். கையில் ஒரு பெட்டி நிறைய ஊதுகுழாய்கள் இருந்தன. விரல் நீளக் குழாய். ஒருமுறை ஊதினால் நுனியில் சின்ன விளக்கு எரியும். வெள்ளை எரிந்தால் ஒன்றுமில்லை. நீலம் எரிந்தால் கிருமி உடம்பில் இருக்கிறது. நீலம் வந்தவர்கள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு பதினைந்து நாள் கோரைத்தீவில் இருக்க வேண்டும். ஆனால் காய்ச்சல் இல்லாதவர்களை ஊதச் சொல்லிச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, அவரவர் இஷ்டம்.

காய்ச்சல் இல்லாதவர்கள் ஏன் ஊத வேண்டும் என்று யாரோ கேட்டார்கள்.

"காய்ச்சல் வந்தவங்க படுத்துருதாங்க. தூங்குதவங்க யாருக்கும் குடுக்க மாட்டாங்க," என்றாள் ஜெனிட்டா. "பத்துப் பேருக்குக் கிருமி போனா எட்டுப் பேருக்கு ஒண்ணுமே செய்யாது. அந்த எட்டுப் பேரு நல்லா நடமாடுதாங்க, பேசுதாங்க, சிரிக்காங்க. அவங்ககிட்ட இருந்துதான் அந்த ரெண்டு பேருக்குப் போகுது. நாங்க தேட வேண்டியது நோயாளிய இல்ல, உங்களத்தான்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசியது நம்புச்செல்வி.

"எனக்கு ஒரு நோவும் இல்ல சிஸ்டர். சொல்லப்போனா முந்திக்கு இப்ப நல்லா இருக்கேன். நல்லா இருக்கிறவளத் தீவுல கொண்டுபோயி அடைக்கிறது என்ன ஞாயம்? நோவு வந்தவுகளப் பாக்கவே ஆளில்ல. நோவில்லாதவுகளுக்கு எதுக்கு வைத்தியம்?"

சரியாகச் சொன்னாள் என்று கூட்டம் சொன்னது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவள் அழகுராணி. நம்புச்செல்வியோடு ஒரே வள்ளத்தில் போகிறவள். அவளை மதினி முறை சொல்லி அழைக்கிறவள். இருபத்தாறு வயது, இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அன்று ஐம்பது பேரில் இரண்டு பேர்தான் ஊதினார்கள். ஜெனிட்டா வற்புறுத்தவில்லை. மீதிக் குழாய்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, இருட்டுவதற்குமுன் போய்விட்டாள்.

ஒன்பதாம் நாள் காலை. நம்புச்செல்வி கீழே கயிற்றில் நாற்று கட்டிக்கொண்டிருந்தாள். வெயில் தண்ணீருக்குள் தூண் தூணாக இறங்கியிருந்தது. முந்தைய இரவுக் கனவின் நினைப்பில் அவளுக்கு நேரம் தெரியவில்லை. மேலே வரலாமா என்று கேட்டு இடுப்புக் கயிற்றை இரண்டு முறை இழுத்தாள். வழக்கமாக உடனே பதில் இழுப்பு வரும். வரவில்லை. மறுபடி இழுத்தாள். கயிறு முறுக்காகத்தான் இருந்தது, ஆனால் மறுமுனையில் யாரும் இல்லாததுபோல் இருந்தது.

அவள் தானாகவே மேலே வந்தாள். அழகுராணி வள்ளத்தின் ஓரத்தில் கன்னத்தைச் சாய்த்துக் கிடந்தாள். நெற்றி கொதித்தது. கயிற்றை நழுவவிடக் கூடாது என்று மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி முடிந்திருந்தாள். முடிச்சைப் போட்டபிறகுதான் தூங்கியிருக்கிறாள்.

தொடக்கப்பள்ளியை வார்டாக மாற்றியிருந்தார்கள். கரும்பலகைக்குக் கீழே பதினொரு கட்டில்கள். ஐந்தாம் நாள் நம்புச்செல்வி பார்க்கப் போனாள். ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்க்கலாம் என்றார்கள். அழகுராணியின் மாமியார், அவளுக்குச் சிறுவயதில் ஒருமுறை அந்தக் காய்ச்சல் வந்து போயிருந்ததால், குழந்தையோடு உள்ளே இருந்தாள். குழந்தை கட்டில்மேல் ஏறி, அம்மாவின் முகத்தருகே உட்கார்ந்து, ஒரு விரலால் அவள் கண்ணிமையை மெல்லத் தூக்கி உள்ளே பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்தது. இமையை விட்டுவிட்டு, பாட்டியிடம் திரும்பி, "அம்மா இல்ல" என்றது.

நம்புச்செல்வி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்பது மாதமாக அழகுராணியோடு ஒரு செவுளில் மூச்சு விட்டிருக்கிறாள். தன் வாயிலிருந்து எடுத்த ஈரத்தை அவள் வாய்க்குக் கொடுத்திருக்கிறாள். அந்தக் கணக்கு அவளுக்கு இதற்குமுன் தெரியாதது அல்ல. அதன் பக்கம் திரும்பாமல் இருந்தாள், அவ்வளவுதான்.

பள்ளிக்கூட வாசலில் ஜெனிட்டா மருந்துப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தாள். நம்புச்செல்வி போய்க் கையை நீட்டினாள். ஜெனிட்டா ஒரு குழாயைக் கொடுத்தாள். விளக்கு நீலமாக எரிந்தது. மணலில் சொன்ன பேச்சை ஜெனிட்டா ஞாபகப்படுத்தவில்லை. மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள், படகு மூன்று மணிக்கு என்று மட்டும் சொன்னாள்.

கோரைத்தீவு ஊரிலிருந்து பார்த்தால் கடலில் ஒரு பச்சைக் கோடாகத் தெரியும். சுற்றி நடந்தால் அரை மணி நேரம். ஆளுயரக் கோரை, நாலைந்து பனை, தகரக் கூரை போட்ட எட்டு அறைகள். அங்கே ஏற்கெனவே ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் கல்லுக்குண்டாக இருந்தார்கள். காலையிலும் மாலையிலும் மாத்திரை. மற்ற நேரத்துக்கு வேலை எதுவும் இல்லை. அலை வந்து வந்து போயிற்று. கோரைக்குள் காற்று புகுந்தால் யாரோ தூரத்தில் பேசிக்கொள்வதுபோல் கேட்கும். எங்கிருந்தோ வரும் நாரைகள் நாள் முழுவதும் ஒற்றைக் காலில் நின்றன.

அங்கே அவளோடு பேசிப் பழகியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ரமீசா, மண்டபத்தில் தையல் தைக்கிறவள், ஐம்பதைத் தாண்டியவள். இன்னொருவர் மலைச்சாமி, ஐஸ் கம்பெனியில் பாளம் இழுத்து இழுத்து இடுப்பு போனவர், ஊன்றுகோல் இல்லாமல் நடக்க மாட்டார்.

முதல் மூன்று இரவும் பஞ்சவர்ணம் வந்தாள். நாலாம் இரவு கொஞ்சம் தள்ளி நின்றாள். ஐந்தாம் இரவு தண்ணீர் கலங்கியிருந்தது. சேலை நிறம் மட்டும் தெரிந்தது. ஆறாம் இரவு தண்ணீரே இல்லை. நம்புச்செல்வி கண் மூடினாள், கண் திறந்தாள், விடிந்திருந்தது. ஏழாவதும் அப்படியே.

எட்டாம் நாள் காலை அவள் கரையில் உட்கார்ந்திருந்தாள். ரமீசா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கும் நின்னுபோச்சாத்தா?" என்று ரமீசா கேட்டாள்.

எது என்று நம்புச்செல்வி கேட்கவில்லை.

ரமீசாவின் மகன் கப்பல் வேலைக்குப் போய் ஆறு வருடமாக ஒரு சொல்லும் அனுப்பவில்லை. நாலு மாதமாக, ஒரு நாள் விடாமல், அவன் கனவில் வந்து அவள் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்தான். மாத்திரை தொடங்கிய ஐந்தாம் நாளோடு அதுவும் நின்றுவிட்டது. மலைச்சாமி கோலை ஊன்றிக்கொண்டு வந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, தான் கனவில் தினம் கபடி ஆடினதைச் சொன்னார். ஆடி முடித்து விழித்தால் காலெல்லாம் சுகமாக வலிக்குமாம். மற்ற நாலு பேரையும் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒன்று இருந்தது. யாரும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நல்ல கனவு கண்டதை நோய் என்று யார் போய் டாக்டரிடம் சொல்வார்கள்?

அக்காள் தன்னைத் தேடி வரவில்லை என்பது நம்புச்செல்விக்கு அப்போது விளங்கிற்று. அவளை அழைத்து வந்தது கிருமி. அது விளங்கியும், அன்று மாலை மாத்திரையை அவள் விழுங்கவில்லை. நாக்கடியில் வைத்திருந்து, கோரைக்குள் போய்த் துப்பி, காலால் மணலைத் தள்ளி மூடினாள். மறுநாளும் அப்படியே. பத்தாம் இரவு பஞ்சவர்ணம் தூரத்தில் தெரிந்தாள். பதினோராம் இரவு கிட்டத்தில் வந்தாள்.

அவளுக்கு ஒரு யோசனை வந்தது. திரும்பிப் போனால்தானே அடுத்தவருக்குக் கேடு? இந்தத் தீவிலேயே இருந்துவிட்டால்? யாருக்கும் மூச்சுக் காற்று போகாது. பாசி கட்டத் தெரியும், மீன் பிடிக்கத் தெரியும். பகலெல்லாம் நாரைகள், இரவெல்லாம் அக்காள். ஊரில் அவளுக்காகக் காத்திருக்க யாரும் இல்லை. அதை ரமீசாவிடம் சொன்னபோது, அவள் சிரிக்கவுமில்லை, தடுக்கவுமில்லை. தானும் அப்படி நினைத்ததாகச் சொன்னாள். மலைச்சாமி வேறு ஒன்று சொன்னார்.

"இருக்கிறதோ போறதோ உங்க பாடு தாயி. ஆனா கனா விசயத்த மட்டும் வெளிய விட்றாதீக. விட்டா, நல்ல கனா கண்டவன எல்லாம் பிடிச்சுட்டு வந்துருவாக. அதுக்கப்புறம் மனுசன் நிம்மதியாத் தூங்க முடியாது."

பன்னிரண்டாம் நாள் ஜெனிட்டா படகில் வந்து எல்லோரையும் ஊதச் சொன்னாள். ஆறு பேருக்கு வெள்ளை. நம்புச்செல்விக்கு நீலம், வந்த நாளைவிட அழுத்தமான நீலம். ஜெனிட்டா குழாயைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது.

அழகுராணி எப்படி இருக்கிறாள் என்று நம்புச்செல்வி கேட்டாள். இன்னும் எழவில்லை என்றாள் ஜெனிட்டா. பள்ளிக்கூடம் நிறைந்து, இப்போது நூலகத்திலும் கட்டில் போட்டிருக்கிறார்கள். அடுத்த ஊரில் இரண்டு பேர் எழாமலே போய்விட்டார்கள். அதில் ஒருத்தி ஏழு மாதக் கர்ப்பிணி. ஜெனிட்டா வீடு வீடாகப் போகிறாள், யாரும் ஊதுவதில்லை. எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்.

"அவங்களக் குத்தம் சொல்லவும் முடியலக்கா," என்றாள். "ஒரு தலைவலி இருந்தாக்கூட மனுசன் பயப்படுவான். ஒண்ணுமே இல்லாதவன எத வச்சுப் பயமுறுத்துவேன்? ஒரே ஒரு அறிகுறி இருந்திருந்தா போதும். தும்மலோ, அரிப்போ. தானா வந்து நிப்பாங்க."

அலை வந்து அவள் செருப்பை நனைத்துவிட்டுப் போயிற்று. யாரும் எடுத்து வைக்கவில்லை. ரமீசா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலைச்சாமி நம்புச்செல்வியையே பார்த்தார்.

குழந்தை இமையைத் தூக்கிப் பார்த்தது நம்புச்செல்விக்கு நினைவு வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. நேற்றைய கனவில் அவள் அக்காளிடம் அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாள். அக்காள் சிரித்தாள். என்னை மன்னித்துவிட்டாயா என்று தங்கை கேட்டாள். அதற்கும் அக்காள் சிரித்தாள். எதைக் கேட்டாலும் ஒரே சிரிப்பு.

"இருக்கு சிஸ்டர்," என்றாள் நம்புச்செல்வி. "ஒரு அறிகுறி இருக்கு."

மலைச்சாமி கோலை ஊன்றி எழுந்து, கோரைப் பக்கம் நடந்து போய்விட்டார். நம்புச்செல்வி இளநீர் நிறத் தண்ணீரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரையைப் புதைத்ததையும் சொன்னாள். ஜெனிட்டா முதலில் நம்பாததுபோல் கேட்டாள். பிறகு ரமீசாவைத் திரும்பிப் பார்த்தாள். ரமீசா தலையாட்டியதும் கைப்பேசியை எடுத்து எழுத ஆரம்பித்தாள். அன்று மாலை நம்புச்செல்வி எல்லோருக்கும் முன்னால் மாத்திரையைப் போட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டினாள். அவளுக்கு இன்னும் பதினைந்து நாள் சேர்ந்தது. மற்றவர்கள் போன பிறகு தீவில் அவள் மட்டும் இருந்தாள். ஐந்தாம் இரவு அக்காள் மறைந்தாள்.

அவள் திரும்பியபோது ஊர் வேறாக இருந்தது. கரை நெடுக இப்போது ஒரே கேள்விதான்: நேற்று என்ன கனவு? சொன்ன கனவைப் பதிவேட்டில் எழுத ஒரு கட்டமே ஒதுக்கியிருந்தார்கள். நல்ல கனவு கண்டவர்கள் தாங்களாகவே வந்து வரிசையில் நின்று ஊதினார்கள். பாதிக்குமேல் நீலம் எரிந்தது. தீவில் அறை போதாமல் இன்னும் இருபது கட்டினார்கள். தை பிறப்பதற்குள் நூலகத்துக் கட்டில்களை எடுத்துவிட்டார்கள். புதிதாக விழுகிறவர்கள் வாரத்துக்கு ஒருவர், பிறகு மாதத்துக்கு ஒருவர் என்று குறைந்தார்கள். எத்தனை பேர் விழாமல் தப்பித்தார்கள் என்று மேலிடத்தில் ஓர் எண் சொன்னார்களாம். ஜெனிட்டா அதை அவளிடம் சொன்னாள். நம்புச்செல்வியின் மனதில் அது தங்கவில்லை.

மலைச்சாமி சொன்னதும் நடந்தது. தூக்கத்தில் சிரித்த மனைவியை உலுக்கி எழுப்பி ஊதவைத்த புருஷன்கள் உண்டு. பெண் பார்க்க வந்தவர்கள், பெண் என்ன கனவு காண்கிறாள் என்று விசாரித்தார்கள். மணிக்கொரு தரம் அலாரம் வைத்து, கனவு வருமுன் எழுந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்குழந்தை, தான் பறந்ததாகக் கனவு கண்டதைச் சொன்னதற்காக மூன்று நாள் தனியாக உட்காரவைக்கப்பட்டது. அதற்கு வெள்ளைதான் எரிந்தது. கொஞ்ச நாளில் சனங்கள் கனவைப் பற்றிப் பொய் சொல்லப் பழகிக்கொண்டார்கள். பாம்பு துரத்தியதாகச் சொல்வது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. மலைச்சாமியைச் சந்தையில் ஒருமுறை பார்த்தாள். அவர் கோலைப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரிலும் சிலர் அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

அழகுராணி முப்பத்துநாலாம் நாள் கண்ணைத் திறந்தாள். இடது கை விரல்கள் மடங்கவில்லை. இனிக் கடலுக்கு இறங்க முடியாது. நம்புச்செல்வி அவள் வீட்டு வாசல்வரை மூன்று முறை போய்த் திரும்பினாள். நாலாம் முறை அழகுராணியே உள்ளே கூப்பிட்டாள். குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. உனக்கு என்னிடமிருந்துதான் வந்தது என்று நம்புச்செல்வி சொன்னாள். தெரியும் என்றாள் அழகுராணி. தானும்தானே அன்றைக்கு மணலில் ஊத மாட்டேன் என்று சொன்னதாகச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"மதினி, உங்களுக்கெல்லாம் அவ்வளவு நல்ல கனாவா வந்துச்சு?"

"ஆமா."

"எனக்கு ஒண்ணுமே வரல. முப்பத்திநாலு நாளும். ஒரே இருட்டு. அது இருட்டுன்னுகூட அப்பத் தெரியல."

குழந்தை புரண்டது. தாய் வலது கையால் தட்டிக் கொடுத்தாள். நம்புச்செல்வி எழுந்தாள். அடுப்படிக்குப் போய், ஒரு கையால் அரிய முடியாமல் கிடந்த காய்களை அரிந்து வைத்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் தினமும் போனாள்.

அவளுக்குக் கனவு வருவது நின்றே போயிற்று. ஒரு வருடம் அப்படிக் கழிந்தது.

மறு ஆவணி கழிந்து புரட்டாசி மாதம். விடியற்காலை. அவள் ஒரு பேருந்தில் இருந்தாள். நெருக்கியடிக்கும் கூட்டம், புழுக்கம். ஜன்னலோரத்தில் பஞ்சவர்ணம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. அதில் கூடையை வைத்திருந்தாள், எடுக்கவில்லை. நம்புச்செல்வி கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள். ரொம்ப தூரம் போன பிறகு அக்காள் திரும்பினாள். அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்தாயா, அதையும் மறந்துவிட்டாயா, உனக்கு எதைத்தான் உருப்படியாகச் செய்யத் தெரியும் என்று வள்ளென்று விழுந்தாள். மறக்கவில்லை, கொடுத்துவிட்டேன் என்று தங்கை சொல்ல வாயெடுத்தபோது பேருந்து ஏதோ பள்ளிக்கூடமாகிவிட்டது; அங்கே யாரோ அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள்; பிறகு எல்லாம் குழம்பிற்று.

விழித்ததும், மறுபடி நீலமோ என்றுதான் அவளுக்குத் தோன்றியது. முகம் கழுவவில்லை. யாரும் எதிர்ப்படுமுன் சுகாதார நிலையத்துக்கு நடந்தாள். ஜெனிட்டா அப்போதுதான் கதவைத் திறந்து வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் வாளியை வைத்துவிட்டுக் குழாயை எடுத்துக் கொடுத்தாள். நம்புச்செல்வி ஊதிவிட்டு, அதைப் பார்க்காமல் ஜெனிட்டாவிடமே நீட்டினாள்.

"வெள்ளைதான்," என்றாள் ஜெனிட்டா. "ஒண்ணுமில்லக்கா."

"நல்லாப் பாருங்க சிஸ்டர்."

"பாத்துட்டேன். நீங்களும் பாருங்க."

நம்புச்செல்வி பார்த்தாள். நோவு கொண்டுவந்த அக்காள் ஒரு நாள்கூடக் கோபப்பட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது. அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். வந்தது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜெனிட்டா மேசைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்து, தேதி போட்டு, பெயர் எழுதினாள். "வெள்ளன்னாலும் எழுதச் சொல்லியிருக்காங்க," என்றாள். "என்ன கனான்னு சொல்லுங்க."

நம்புச்செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அது வேண்டாம் சிஸ்டர். அது எங்க வீட்டு விசயம்."

ஜெனிட்டா பேனாவைக் கொஞ்ச நேரம் காகிதத்துக்கு மேலேயே வைத்திருந்தாள். பிறகு அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்து, பதிவேட்டை மூடினாள்.